ஒரு சொல்லுக்கு எத்தனை செல்? பிரெயில் நோட்டேக்கர்கள் பற்றி ஒரு பயனரின் மதிப்புரை

'படித்துக்கொண்டிருந்தேன்' என்பதை அச்சில் பன்னிரண்டு எழுத்துகளில் எழுதிவிடலாம். பிரெயிலில் அதே சொல்லுக்கு 23 செல் பிடிக்கும். செல் என்பது விரலால் தடவி வாசிக்கும் ஆறு புள்ளிகளுக்கான கட்டம்; இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று புள்ளிகளுக்கு எண். தமிழ் பின்பற்றும் பாரதி பிரெயில் முறையில் உயிர்மெய்க்கென்று தனி வடிவம் கிடையாது. 'டி' என்றால் ட ஒரு செல், இ ஒரு செல். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிச் செல்லாக, அதுவும் எழுத்துக்கு முன்னால், நான்காம் புள்ளியாக வந்து நிற்கும். ஆகவே இந்தச் சொல்லில் முதலில் வரும் 'ப' மட்டுமே ஒற்றைச் செல்; மற்ற பதினொன்றும் இரட்டை. இதை 20 செல் வரி கொண்ட நோட்டேக்கரில், அதாவது பிரெயில் மின்னணுக் குறிப்பேட்டில், வாசித்தால் முதல் வரியில் 'படித்துக்கொண்டிருந்த' என்பது வரை வரும். பொத்தானை அழுத்தி அடுத்த வரிக்குப் போனால் விரலுக்குக் கீழே 'ஏன்' என்று ஒரு கேள்வி நிற்கும். முதன்முறை நான் உண்மையிலேயே திகைத்துப்போனேன். யார், எதைக் கேட்கிறார்கள் என்று மேலும் கீழும் தேடினேன்.

பார்வையற்றோருக்கான கையடக்க மின்னணுக் குறிப்பேடுகளைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் நினைவகம், புளூடூத், செயலிகளின் எண்ணிக்கை என்றே பேசுகின்றன. பல ஆண்டுகளாக இவற்றைப் பையில் சுமந்து, இவற்றைக் கொண்டே வகுப்பு நடத்தி, கூட்டங்களில் குறிப்பெடுத்து வருபவன் என்ற முறையில் எனக்கு வேறு அளவுகோல்கள் உண்டு. மனத்தில் தோன்றியது புள்ளியாக மாற எவ்வளவு நேரம் ஆகிறது, எழுதியது பத்திரமாக இருக்கிறதா, வேண்டியபோது விரலுக்குக் கீழே உடனே வருகிறதா என்பவையே அவை. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்திய இரண்டு கருவிகளின் குறைகளைச் சொல்லும்போது அவற்றின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தக் குறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

நோட்டேக்கர் என்று நாங்கள் அழைப்பது, பார்ப்பவர் கண்ணுக்கு, தடித்த சிறு தட்டச்சுப் பலகை போல் தெரியும். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என ஆறு விசைகள், அவற்றுக்கு நடுவே கீழே ஸ்பேஸ், பேக்ஸ்பேஸுக்கும் என்டருக்குமாக ஓரங்களில் இன்னும் இரண்டு. முன்விளிம்பில், நுண்ணிய ஊசிகள் எழுந்தும் அமிழ்ந்தும் எழுத்தாகும் ஒற்றை வரி. ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் கர்சர் அந்த எழுத்துக்கு வந்துவிடும். உள்ளே நினைவகம், பேச்சு, நாட்காட்டி, கணிப்பான், மின்னஞ்சல், புத்தகம் வாசிக்கும் நிரல் ஆகியவை உண்டு. மடிக்கணினியோடு ஒப்பிட்டால் இதன் பெரிய வசதி ஒன்றுதான்: திறந்த கணமே எழுதலாம்.

இதற்கு முன்னால் எங்களுக்கு இருந்தவை இரண்டு. ஸ்லேட்டும் ஸ்டைலஸும், அதாவது துளைச் சட்டமும் குத்தூசியும், சட்டைப்பையில் அடங்கும். ஆனால் தாளின் பின்புறத்திலிருந்து, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். எழுதியதை வாசிக்கத் தாளை எடுத்துத் திருப்ப வேண்டும். 1951-ல் வந்த பிரெயில் தட்டச்சுப் பொறியான பெர்கின்ஸ் பிரெய்லரில் ஓர் எழுத்தின் புள்ளிகளை ஒரே அழுத்தில் பதிக்கலாம், எழுதியதை உடனே தடவிப் பார்க்கலாம். ஆனால் அது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள இரும்பு. அது எழுப்பும் ஓசையில் அடுத்த இருக்கைக்காரர் பேசுவது கேட்காது. நூலகத்தில் அதை இயக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை தலைகள் திரும்பும் என்பது. தலைகள் திரும்புவது எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பேச்சு நின்றுபோவதிலிருந்தே தெரிந்துவிடும்.

1987-ல் அமெரிக்கப் பொறியாளர் டீன் பிளேசி வெளிக்கொணர்ந்த 'பிரெய்ல் என் ஸ்பீக்' இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்பியது. பெர்கின்ஸ் பாணியில் ஏழே விசைகள், ஒரு செயற்கைக் குரல், அவ்வளவுதான். திரையும் இல்லை, ஊசி வரியும் இல்லை. பின்னர் 18 செல் வரியோடு 'பிரெய்ல் லைட்' வந்தது. 2000-ல் நியூசிலாந்தின் பல்ஸ் டேட்டா நிறுவனம் 'பிரெய்ல்நோட்' வரிசையைத் தொடங்கியது. அந்த நிறுவனம் 2005-ல் கனடாவின் விசுஎய்டுடன் இணைந்து ஹியூமன்வேர் ஆனது. கொரியாவின் ஹிம்ஸ் 'பிரெய்ல்சென்ஸ்' வரிசையோடு போட்டிக்கு வந்தது. இன்று முழு நோட்டேக்கர் என்று சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைத்தான் நினைக்கிறோம். அவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நல்ல மரபு அமைந்துவிட்டது: ஸ்பேஸுடன் 1-2-3 புள்ளிகளை அழுத்தினால் கோப்பின் தொடக்கம், 4-5-6 அழுத்தினால் இறுதி. பழைய கருவியிலிருந்து புதியதற்கு மாறும்போது மூளை மறந்தாலும் விரல் மறப்பதில்லை.

ஊசிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் பீசோ வகைப் பீங்கான் பட்டை ஒன்று உண்டு. ஏறத்தாழ 200 வோல்ட் மின்னழுத்தம் தரும்போது அது இலேசாக வளைந்து ஊசியைத் தூக்குகிறது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மின்கலம் தாங்குகிறது, விரலுக்கும் ஆபத்தில்லை. எழுத்தின் ஆறு புள்ளிக்கும், கணினிப் பயன்பாட்டுக்கான கூடுதல் இரண்டுக்குமாக, ஒரு செல்லுக்கு எட்டு ஊசி. 32 செல் என்றால் 256 பட்டைகள், ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு எழும்ப வேண்டும். ஒன்று சற்றே தாழ்ந்தாலும் விரல் உடனே கண்டுபிடித்துவிடும். கைப்பேசித் திரையைப் போல இலட்சக்கணக்கில் வார்த்தெடுக்கக்கூடிய பொருள் அல்ல இது, வாங்குவோரும் குறைவு. இந்தக் கருவிகள் நல்ல மடிக்கணினியைவிட விலை உயர்ந்திருப்பதற்கு வேறு மந்திரக் காரணம் எதுவும் இல்லை.

என் 32 செல் கருவியின் இரண்டாம் ஆண்டில் 12-ஆம் செல்லின் நான்காம் புள்ளி எழும்புவதை நிறுத்தியது. ஒரே ஒரு ஊசி, 256-ல் ஒன்று. தமிழில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அந்த இடத்தில் வந்து விழுந்தால், அது தனிச் செல் என்பதால், செல்லே வெறுமையாகி இடைவெளி ஆகிவிடும். 'நான்' என்பது 'நா ன' என்று பிளந்து நிற்கும். அதையாவது சூழலை வைத்துச் சமாளிக்கலாம். எண்கள்தான் மோசம். பிரெயில் எண்களில் நான்காம் புள்ளி போனால் 3 என்பது 1 ஆகும், 4 என்பது 5 ஆகும், 6 என்பது 2 ஆகும், 7 என்பது 8 ஆகும். நான்குமே ஐயத்துக்கு இடமில்லாத, முழுமையான, தவறான எண்கள். நான் வரலாறு கற்பிப்பவன். கருவியைத் தோல்பட்டையில் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, இடது சுட்டுவிரலை வரியில் வைத்தபடி, பிரெஞ்சுப் புரட்சி 1889-ல் வெடித்தது என்று முழு வகுப்புக்கும் அறிவித்தேன். என் குறிப்பில் இருந்தது 1789. அதன் 7 பன்னிரண்டாம் செல்லில் விழுந்திருந்தது. மாணவர்கள் மரியாதையாகத்தான் சிரித்தார்கள்.

பழுது பார்க்கக் கருவியைத் தயாரிப்பாளரின் பணிமனைக்கு அனுப்பினேன். திரும்பி வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் ஸ்லேட்டுக்குத் திரும்பினேன். காரணம் விரல் எண்ணெயும் தூசியும் ஊசித் துளையில் படிந்ததுதான் என்று சொன்னார்கள். அதிலிருந்து வகுப்புக்குப் போகுமுன் கை கழுவித் துடைத்துவிட்டே வரியைத் தொடுகிறேன். வாரம் ஒருமுறை ஈரம் தெரியாத துணியால் ஊசிகளை ஒற்றி எடுக்கிறேன். எட்டுப் புள்ளியும் எழுந்த முழுச் செல்களை வரி நிறைய எழுதி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்ப்பது ஒரு நிமிடச் சோதனை. இதைப் பயனர் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். நான் பார்த்த கையேட்டில் ஈமெயில் அமைப்பதற்கு ஒதுக்கிய பக்கங்களில் ஒன்றைக்கூடப் பராமரிப்புக்கு ஒதுக்கவில்லை.

பேச்சு இருக்கும்போது ஊசி வரி எதற்கு என்று பார்வையுள்ள நண்பர்கள் கேட்பதுண்டு. மேலே சொன்ன வகுப்புக் காட்சியிலேயே விடை இருக்கிறது: நான் பேசிக்கொண்டிருக்கும்போது காதில் ஒரு குரல் ஆண்டுகளை ஓதிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று தடுமாறும். விரல் வாசித்தால் வாயும் காதும் விடுதலை. கூட்டத்திலும் அப்படியே, மற்றவர் பேசுவதைக் கேட்டபடி அவர் போன மாதம் சொன்னதை விரலால் சரிபார்க்க முடிகிறது. எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ரகர றகரத்தையோ னகர ணகரத்தையோ செயற்கைக் குரல் பிரித்துக் காட்டும் என்று நம்பி நான் ஒரு கடிதத்தையும் அனுப்பமாட்டேன். மாறாக, நாற்பது பக்க அறிக்கையை ஒருமுறை புரட்டுவதற்குப் பேச்சுதான் வேகம். பயணத்தில் கண் அயர்ந்தபடி நாவல் கேட்பதற்கும் அதுவே சுகம். இரண்டும் சேர்ந்திருக்கும் கருவியில் ஒரே விசையால் குரலை அணைக்க முடிய வேண்டும் என்பது மட்டும் என் கோரிக்கை. பட்டியலுக்குள் பட்டியல் புகுந்து அதை அணைப்பதற்குள் என் அடுத்த சந்திப்பு எப்போது என்று அது சொல்வது கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழுந்துவிடுகிறது.

விசைப்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. பிரெயிலில் ஓர் எழுத்துக்குரிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்துகிறோம். கடைசி விரல் எழும்போதுதான் எழுத்து பதிவாகிறது. ஆகையால் விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைவிட எவ்வளவு சீராக எழுகிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. மெல்லிய கருவி வேண்டும் என்ற மோகத்தில் விசைகளைத் தட்டையாக்கிய மாதிரி ஒன்றை இரண்டு வாரம் வைத்திருந்தேன். வேகமாக எழுதும்போது மோதிரவிரல் பின்தங்கி, 3-ஆம் 6-ஆம் புள்ளிகள் விடுபட்டுக்கொண்டே இருந்தன. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விசை எழுப்பும் 'டக்' ஓசை. பேட்டி எடுக்கும்போது எதிரே இருப்பவரின் பேச்சு அந்த ஓசையால் தடைப்படக்கூடாது.

தமிழுக்கு வருவோம். புள்ளிகளை எழுத்தாக மாற்றித் தரும் தமிழ் பிரெயில் அட்டவணை உள்ளே இருக்கிறதா என்று கேட்டால் விற்பவர்கள் இருக்கிறது என்பார்கள். திறமூல நிரலகமான லிப்லூயியில் தமிழுக்கு அட்டவணை உண்டு. பல கருவிகளும் திரைவாசிப்பான்களும் அந்த நிரலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. சிக்கல் எழுவது தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் கலக்கும்போது. ஆறு புள்ளிகளில் கிடைக்கும் வடிவங்கள், வெற்றுச் செல்லையும் சேர்த்து, 64 மட்டுமே. ஆகவே எல்லா மொழிகளும் அதே வடிவங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ககரத்தின் புள்ளிகளே ஆங்கிலத்தில் கே என்ற எழுத்து. ஒரே செல் ஒரு சொல்லையோ சில எழுத்துகளையோ குறிக்கும் சுருக்கெழுத்து ஆங்கிலப் பிரெயிலின் அட்டவணை இயங்கிக்கொண்டிருக்கும்போது, வரிசைக்குறியாக நான் தனியே எழுதிய 'க' என்பதைக் கருவி 'நாலெட்ஜ்' என்று வாசித்தது. அந்த முறையில் தனித்து நிற்கும் கே அந்தச் சொல்லைக் குறிக்கும். 'தீ' என்று எழுதினேன், 'டின்' என்றது; 'வா' என்று எழுதினேன், 'வார்' என்றது. கருவியின் மேல் தவறில்லை. ஈகாரத்தின் புள்ளிகள் அங்கே 'இன்' என்பதன் சுருக்கம், ஆகாரத்தின் புள்ளிகள் 'ஆர்' என்பதன் சுருக்கம்.

சோதிக்க வேண்டியது இதுதான்: ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு மாற எத்தனை விசை அழுத்த வேண்டும், மாற்றம் கோப்பு முழுவதையும் பாதிக்கிறதா அல்லது அந்த இடத்திலிருந்து மட்டுமா? நான் பயன்படுத்திய முதல் கருவியில் அது கோப்பு முழுவதற்குமான அமைப்பு. நடுவில் ஓர் ஆங்கிலப் பெயரை எழுத மாற்றினால் முன்னால் எழுதிய தமிழெல்லாம் குழம்பியது. இரண்டாவது கருவியில் ஒரே கட்டளையில் அட்டவணைகள் மாறி மாறி வருகின்றன. ஏற்கெனவே எழுதியது அசைவதில்லை. அந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நான் கூடுதலாகச் செலவு செய்திருப்பேன்.

செல் எண்ணிக்கை குறித்தும் முடிவாகச் சொல்லிவிடுகிறேன். 'நான் படித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கு 28 செல் வேண்டும். 32 செல் வரியில் அது அடங்கி நான்கு மிஞ்சும். தமிழில் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு 32 என்பதுதான் கீழெல்லை என்பது என் கருத்து. 18, 20 செல் கருவிகள் குறிப்பெடுக்கவும், தொலைபேசி எண் பார்க்கவும், கடைசி நேரத்தில் ஒரு பத்தியைப் புரட்டவும் போதும்; ஆனால் புத்தகம் வாசித்தால் விரல் நகர்வதைவிடக் கட்டைவிரல் பொத்தான் அழுத்துவதே அதிகமாகிவிடும். சுருக்கெழுத்து ஆங்கிலம் மட்டும் வாசிப்பவருக்கு இது பொருந்தாது. அங்கே பல சொற்கள் ஓரிரு செல்லில் முடிந்துவிடுகின்றன.

இப்போது செயலிகள். 2016-ல் வந்த பிரெய்ல்நோட் டச், ஆண்ட்ராய்டையும் கூகுள் பிளே கடையையும் நோட்டேக்கருக்குள் கொண்டுவந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அது வரும்போதே 2013-ல் வெளியான ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கொண்டிருந்தது, அதற்கடுத்து வந்த டச் பிளஸ் ஆண்ட்ராய்டு 8.1-ஐ. பிரெய்ல்சென்ஸ் 6 ஆண்ட்ராய்டு 10-உடன் வந்து நிலைமையைச் சற்று மேம்படுத்தியது. இதில் அலட்சியம் என்று குற்றம் சொல்வதற்கில்லை. சிறிய சந்தைக்குச் சிறப்புக் கருவி செய்பவர்கள் ஒவ்வொரு பதிப்பையும் பிரெயில் வரியோடு பொருத்திச் சோதித்து வெளியிடுவதற்குள் உலகம் இரண்டு பதிப்பு தாண்டிவிடுகிறது. ஆனால் விளைவை அனுபவிப்பவர் பயனர். ஊசிகளும் விசைகளும் பத்தாண்டு உழைக்கும். உள்ளிருக்கும் இயங்குதளத்தில் வங்கிச் செயலியோ இணைய உலாவியோ நான்கைந்து ஆண்டுகளில் ஓட மறுக்கத் தொடங்கிவிடும். எனவே நோட்டேக்கரில் இணையம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை. அந்த வேலையைக் கைப்பேசியிடம் விட்டுவிடலாம்.

இணைய இணைப்பே இல்லாமல் கருவியின் சொந்த எழுதுநிரல் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். மூன்று மணி நேரக் கூட்டமொன்றின் இரண்டாம் மணியில் என் கருவி உறைந்தது. மின்சாரம் இருந்தது, பேச்சு நின்றிருந்தது, எந்த விசைக்கும் பதில் இல்லை. நான் கடைசியாக எழுதிய வரி மட்டும் ஊசிகளில் அப்படியே எழுந்து நின்றது. அதை இரண்டுமுறை வாசித்து மனப்பாடம் செய்துகொண்டு மறுதொடக்கம் செய்தேன். கோப்பு திரும்பி வந்தது, ஆனால் நாற்பது நிமிடத்துக்கு முந்தைய நிலையில். தானாகச் சேமிக்கும் வசதி அதில் இருந்தது; பெட்டியிலிருந்து வரும்போதே அணைத்து வைத்திருந்தார்கள். ஏன் என்று பயனர் சேவைக்கு எழுதிக் கேட்டபோது மின்கலத்தை மிச்சப்படுத்த என்று பதில் வந்தது. நல்ல மின்கலச் சிக்கனம்.

கோப்பு வடிவம் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. கருவிக்கே உரிய தனி வடிவத்தில் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒருநாள் கருவி ஓயும்போது குறிப்புகளும் அதோடு போகும். வெற்று உரையாகச் சேமிப்பது பாதுகாப்பு. பிஆர்எஃப் என்ற பிரெயில் கோப்பு வடிவம் எல்லாக் கருவிகளிலும் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் சேமிக்கப்படுவது புள்ளிகள் மட்டுமே, அவை எந்த மொழியின் எழுத்து என்ற தகவல் இல்லை. பத்தாண்டுக்குப் பிறகு அதை அச்சுத் தமிழாக மாற்ற வேண்டுமென்றால் எந்தப் பக்கம் தமிழ், எந்தப் பக்கம் ஆங்கிலம் என்று உங்களுக்கே நினைவிருக்க வேண்டும்.

முழு நோட்டேக்கரின் விலைக்குப் போக முடியாதவர்களுக்கும், போக விரும்பாதவர்களுக்கும் இன்று நல்ல மாற்று இருக்கிறது: குறிப்பெடுக்கும் வசதியும் சேர்ந்த பிரெயில் வரிக் கருவிகள். ஆர்பிட் ரீடர் 20 இவற்றில் எளிமையானது. பீசோ அல்லாத வேறு இயக்கமுறையைக் கையாண்டு விலையைக் குறைத்தார்கள். புள்ளிகள் தாள் பிரெயிலைப் போல அழுத்தமாக, விரல் அழுத்தினாலும் தாழாமல் நிற்கின்றன. அதற்கு ஈடாக வரி மாறச் சற்று நேரம் எடுக்கிறது, மாறும்போது ஓசையும் கேட்கிறது. பேச்சு கிடையாது. எஸ்டி அட்டையில் கோப்பைப் போட்டு வாசிக்கலாம், எழுதலாம். புதிதாகப் பிரெயில் கற்கும் குழந்தைக்கு வாங்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், கவனத்தைச் சிதறடிக்க அதில் ஒன்றுமே இல்லை என்பதற்காகவே. ஹியூமன்வேரின் பிரெய்லியன்ட் பிஐ 40எக்ஸ், பெயருக்கேற்ப 40 செல்; உள்ளேயே எழுதுநிரல், புத்தக வாசிப்பு, கணிப்பான் என்று அளவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள், பேச்சும் உண்டு. மான்டிஸ் கியூ40 வேறு வகை: 40 செல் வரிக்கு மேலே வழக்கமான கணினி விசைப்பலகை. பிரெயில் வாசிக்கத் தெரிந்தும் கணினி விசைகளில் வேகமாக எழுதிப் பழகியவர்களுக்கு அது வரப்பிரசாதம். கழுத்தில் தொங்கவிட்டு நின்றபடி எழுத மட்டும் ஆறு விசைதான் சரி.

வயது வந்தபின் பார்வை இழந்தவர்களில் பலர் பிரெயில் கற்றிருக்கமாட்டார்கள். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கும் ஊசி வரி பயன்படாமல் போகலாம். அவர்களுக்கு ஊசிக்காகப் பணம் கொட்டுவது வீண். பேச்சு மட்டும் கொண்ட கருவி, அல்லது கைப்பேசியோடு ஒரு சிறிய புளூடூத் விசைப்பலகை போதும். டீன் பிளேசியின் பெயர் தாங்கிய நிறுவனம் அண்மையில் கொண்டுவந்த பிடி ஸ்பீக், பழைய ஏழு விசைப் பாணியிலேயே, உள்ளே லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கணினி. பிரெயிலில் எழுதவும் காதால் வாசிக்கவும் விரும்புவோருக்கு அது பொருந்தும். வேலையிடத்தில் பார்வையுள்ள சக ஊழியருக்குக் குறிப்பைக் காட்ட வேண்டியவர்கள், கருவியை வெளித்திரையோடு இணைக்க முடியுமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பேசி இருக்க நோட்டேக்கர் எதற்கு என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஐபோனில் 2014 முதலும், ஆண்ட்ராய்டில் 2020 முதலும் கண்ணாடித் திரையிலேயே ஆறு விரலால் பிரெயில் எழுத முடிகிறது. நானும் எழுதுகிறேன், பேருந்தில் நின்றபடி ஒரு செய்தி அனுப்ப அதைவிட வசதி இல்லை. ஆனால் மூன்று மணி நேரக் கூட்டத்தைக் கண்ணாடியில் குறிப்பெடுத்தால் விரல்நுனி மரத்துப்போகும், விரல் எங்கே இருக்கிறது என்ற பிடிமானமும் இல்லை. பிரெயில் வரிகளுக்கென்று 2018-ல் அறிவிக்கப்பட்ட எச்ஐடி பொதுத் தரம் இந்த விவாதத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. தனி ஓட்டுநிரல் நிறுவாமலே வரியைக் கணினியோடும் கைப்பேசியோடும் இணைக்க அது வழி செய்கிறது. புதிதாக வாங்குபவர் எச்ஐடி ஆதரவு உண்டா என்று கேட்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

பல வரிகள் கொண்ட கருவிகளும் வந்துவிட்டன. மோனார்க்கில் பத்து வரி, வரிக்கு 32 செல். அதில் வரைபடமும் தடவிப் பார்க்கலாம். தொட்டுப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது, ஆனால் கழுத்தில் தொங்கவிட முடியாது. அது மேசைக்கான கருவி. இந்த மதிப்புரைக்கு வெளியே இருப்பது.

வாங்கும் எண்ணத்தோடு கருவியைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், விற்பவர் விளக்கத் தொடங்குமுன் அதை அணைத்துவிட்டு நீங்களே இயக்குங்கள். முதல் எழுத்து பதிய எத்தனை நொடி என்று மனத்துக்குள் எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் பேசுபவர் அடுத்த கருத்துக்குப் போயிருப்பார். உங்களுக்குத் தெரிந்த மிக நீளமான தமிழ்ச் சொல்லை எழுதி, அது எங்கே உடைகிறது என்று பாருங்கள். சேமிக்காமல் அணைத்து மீண்டும் திறந்து, அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மின்கலத்தை யார் மாற்றுவார்கள், பழுதுபார்க்கும் நாட்களில் மாற்றுக் கருவி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான் இப்போது மேசைக்கு 40 செல் வரியை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு அந்தப் பழைய 32 செல் நோட்டேக்கரையே எடுத்துப் போகிறேன். அதன் மின்னஞ்சலும் உலாவியும் வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டன. எழுதுநிரல் முதல் நாள் போலவே ஓடுகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது 12-ஆம் செல்லின் நான்காம் புள்ளி மறுபடியும் தயங்கித் தயங்கி எழுகிறது. நாளைய பாடத்தில் ஆண்டுகளையெல்லாம் வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.